எழிலன்–ஜூடி பைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வது குறித்து

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
திங்கட்கிழமை சாயங்காலம்.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி, வியாசர்பாடி திரு. கிருஷ்ணப்பன் அவர்களுக்கு, ராயபுரம் அருள்நாதன் எழுதிக்கொள்வது. மேலே சேசு மரி சூசை என்று போட்டிருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தாங்கள் அந்த இடத்தில் ஜெய்பீம் என்று வைத்துப் படித்துக்கொண்டால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இங்கு நானும் என் மகள் ஜூடியும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார் யசோதரா அம்மாள் நலத்தையும், மாப்பிள்ளை எழிலன் நலத்தையும் அறிய ஆவல். மாப்பிள்ளை என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் மை அப்பியிருப்பதற்கு மன்னிக்கவும். தங்களுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன், ஒருவரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சம்பந்தி வீட்டில் யார் கண்ணுக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது. போகட்டும்.

இந்தக் கடிதம் என் மகள் விஷயமாக எழுதப்படுவது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைத் தாங்கள் வந்து அழைத்துப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். போன மழைக்கு முன்னால் அவள் ஒரு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவளுக்கும் வேலை திருவொற்றியூர், மாப்பிள்ளைக்கும் வேலை எண்ணூர் கண்டெய்னர் யார்டு, அந்தப் பக்கமே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனால் என்ன என்று தங்கள் வீட்டில் கேட்டாளாம். அது ஒரு குற்றமா, சம்பந்தி? பெற்றவர்களை விட்டு வர மாட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னாராம், போறவ போட்டும் என்று தாங்கள் சொன்னீர்களாம், அவள் வந்துவிட்டாள். நான் மறுநாளே நம் மன்றத்துச் செயலாளர் டில்லிபாபுவை அனுப்பி, பெண்ணை ஒரு வார்த்தை வந்து கூப்பிட்டுக்கொண்டு போகச் சொன்னேன். அதுதானே நம்மில் எல்லா ஜாதியிலும், எல்லா மதத்திலும் உள்ள முறை. அதற்குத் தாங்கள் சொல்லி அனுப்பிய பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "தானா போன பொண்ணு தானா வரட்டும். நான் இன்னாத்துக்குப் போயி கூப்டணும்?" சரி, தங்கள் கௌரவம் தங்களுக்கு. அழைக்காத வீட்டுக்கு மகளை அனுப்பி வைக்கிற அப்பன் நான் இல்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன், இப்போதும் எடுக்கவில்லை. நான் எழுத வந்தது பை விஷயம்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலையும் கொடுக்க வேண்டாம், தேங்காய் மூன்றாம் நாள் அழுகிவிடும், உபயோகமாக ஏதாவது கொடுக்கலாம் என்று சொன்னது தாங்கள். நான் எவர்சில்வர் டப்பா என்றேன். தாங்கள் கேட்கவில்லை. ரயில்வேயில் கூட்ஸ் ஷெட்டில் இருந்தவர் ஆயிற்றே, எங்கிருந்தோ கித்தான் துணி பிடித்து, நல்ல ஜிப் வைத்து, வலுவான வார் தைத்து, ஒரு பக்கம் இரண்டு பேரும் வால்ட்ஸ் ஆடுகிற போட்டோவும் மறுபக்கம் உள்ளங்கை அகல எழுத்தில் எழிலன்–ஜூடி என்ற பெயரும் அச்சடித்து, கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கொடுத்தீர்கள். நல்ல பை, மறுக்கவில்லை. சாயம் போகவில்லை, நூல் விடவில்லை. கல்யாணமும் அந்தப் பையைப் போலத் தைக்கப்பட்டிருந்தால் நான் இன்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தப் பையில் ஒரு ஜோடி ஷூவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் அளவெடுத்தது போல உட்காரும். இது தாங்கள் திட்டமிட்டுச் செய்ததா தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை டான்ஸுக்கு வருகிற அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள், அத்தனை பேரும் இப்போது அந்தப் பையில்தான் ஷூ கொண்டுவருகிறார்கள். தாங்கள் ஆடுவதில்லை, மகனோடு வந்து ஃபேனுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஹாலில் இருப்பது பழைய மரத்தரை. வெளிச்செருப்போடு யாரும் ஏறக் கூடாது. அத்திப்பட்டிலிருந்து வருகிறவர் காலில் அனல்மின் நிலையத்துச் சாம்பல், காத்திவாக்கத்திலிருந்து வருகிறவர் காலில் கழிமுகத்துச் சேறு, நம் தெருவிலிருந்து வருகிறவர் காலில் கண்டெய்னர் லாரி கொட்டிய கிரீஸ். ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து இழுத்தால் தரை கலீஜாகிவிடும் என்று செயலாளர் டில்லிபாபு வாசலிலேயே நின்று காலைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஆகையால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பையிலிருந்து ஆடுகிற ஷூவை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஷூவும் புளியந்தோப்பில் ஒரே ஆள் தைத்தது, ஒரே கறுப்பு, அடியில் ஒரே மெத்துத் தோல். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், ஜைவ் எல்லாம் அதில் ஆடியானதும், கடைசி அரைமணி நேரம் கானாவும் மோளமும். அதை அந்த ஷூவில் ஆடினால் அடித்தோல் கிழிந்துவிடும். எனவே எல்லோரும் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்து பெஞ்சில் அடுக்கிவிட்டு, வெறுங்காலோடு குதிப்பார்கள். குதித்து முடித்து வேர்வை வழிய வந்து, கைக்கு வந்த பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதில் யார் ஷூ இருக்கிறது என்பது வீட்டுக்குப் போய் ஜிப்பைத் திறந்தால்தான் தெரியும்.

யார் பையாவது மாறியிருந்தால் அடுத்த ஞாயிறு டில்லிபாபு மைக்கில் அறிவிப்பார். "எழிலன்–ஜூடி ஒண்ணு மாறிப்போச்சு. யாருகிட்டனா எழிலன்–ஜூடி இருந்தா மேடைக்கு எடுத்துனு வாங்க" என்பார். ஹால் முழுக்கக் கை தூக்கும், ஒவ்வொரு கையிலும் எழிலன்–ஜூடி. இந்தப் பக்கச் சுவரோரம் என் மகள் உட்கார்ந்திருப்பாள், அந்தப் பக்கச் சுவரோரம் தங்கள் மகன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை, வேறு ஜோடியோடு ஆடுகிறார்கள், ஆனால் ஒருவராவது வராமல் இருக்கிறார்களா என்றால் இல்லை. நான் சிறு பிள்ளையிலிருந்து ஆடுகிற ஹால், நான் ஏன் நிற்க வேண்டும் என்கிறாள் இவள். அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். மைக்கில் பெயர் வரும்போதெல்லாம் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். பெற்றவனுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று தங்களைக் கேட்கிறேன். தங்களுக்கு அங்கிருந்து அது தெரிந்திருக்காது, அப்போது கண்ணில் புரை.

மற்றவர்கள் பை எப்போதாவதுதான் மாறும். என் மகள் பை மட்டும் தவறாமல் மாறும், அதுவும் வேறு யார் பையோடும் அல்ல, தங்கள் மகன் பையோடு. ஞாயிறு இரவு அவள் ஜிப்பைத் திறந்தால் பெரிய ஷூ. திங்கட்கிழமை காலையில் நான் அதை எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்கு பஸ் ஏற வேண்டும். சப்வேயில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போய், தங்கள் போர்டு குடியிருப்பின் மூன்று மாடியையும் இந்த முட்டியோடு ஏற வேண்டும். யசோதரா அம்மாள் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டு எங்கள் பையைக் கொடுப்பார். தாங்கள் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் நேற்றைய பேப்பர் என்பதை நான் கவனித்திருக்கிறேன். "புள்ள ஒயுங்கா சாப்டுதா?" என்று அந்த அம்மாள் கேட்பார். சாப்பிடுகிறாள் என்பேன். வேறு பேச்சு கிடையாது. போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதே என்று காசிமேட்டிலிருந்து கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு போனேன். அதை உறவு கொண்டாடியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மாளும் பையோடு முறுக்கோ அதிரசமோ வைத்துக் கொடுத்தார். அதையும் நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஜூடி எடுத்துக்கொண்டாள், கடைசித் துண்டு வரைக்கும்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு இறக்கி ஏற்றியவன், ஒரு பெட்டி வேறு கப்பலுக்கு மாறிப் போனதில்லை, என் மகள் ஷூ வாராவாரம் வியாசர்பாடிக்குப் போகிறது என்றால் எனக்கு மானக்கேடு இல்லையா. டில்லிபாபுவிடம் போய், பை பொறுப்பை என்னிடம் விடுங்கள் என்றேன். அவருக்கும் பேஜாராக இருந்தது, விட்டார். ஒவ்வொருவரும் தங்கள் பைக்கு ஏதாவது ஒரு அடையாளம் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று அறிவித்தேன். அடுத்த ஞாயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் நீல ரிப்பன். அந்த வாரம்தான் மாதா கோயில் கொடியேற்றம், தெரு முழுக்க நீல ரிப்பன் கொடுத்திருந்தார்கள். வண்ணாரப்பேட்டை ரஷீது பாய்கூட அதையே கட்டியிருந்தார். என்ன பாய் என்றால், நம்ம ஏரியா மாதா, பையையும் பாத்துக்கட்டும் என்கிறார். அன்றைக்கு மாதா மற்ற பைகளையெல்லாம் பார்த்துக்கொண்டாள், என் மகள் பையை மட்டும் பார்க்கவில்லை.

அப்புறம் டோக்கன் வைத்தேன். பைக்கு ஒன்று, கையில் ஒன்று, காட்டினால்தான் பை. கேட்பதற்கு எவ்வளவு சுத்தமான ஏற்பாடு, சொல்லுங்கள். பெண்கள் ஆடுகிற கவுனில் பாக்கெட் வைத்துத் தைப்பதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும். என் மனைவி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு கானா ஆட முடியுமா, ஆகையால் அந்தப் பெண்கள் எல்லோரும், ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கிற ஒரே ஆம்பளை யார் என்று பார்த்து, மைக் பிடித்திருந்த டில்லிபாபு சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முடிந்ததும் அவர் கையை விட்டு அள்ளினால் ஒரு கைப்பிடி டோக்கன், எது யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை, கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. அவர் பெண்சாதி அன்றைக்குத்தான் ஹாலுக்கு முதல் தடவை வந்திருந்தார். வரிசையாகப் பெண்கள் வந்து தன் புருஷன் சட்டைப் பையில் கையை விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாத விஷயம்.

கடைசியாகக் கம்பி. கட்டுக்கம்பியை ஜிப்பில் கோத்து முறுக்கி, அதில் பெயர் எழுதிய தகரச் சீட்டு ஒன்றைக் கட்டிவிடுவது, ஆள் வந்து பெயர் சொன்னால் நானே கட்டிங் பிளேயரால் வெட்டிக் கொடுப்பது. தாங்கள் ஆபரேஷனுக்காக வராமல் இருந்த ஞாயிறு அன்றுதான் இதை முதலில் செய்தேன். ஹாலில் இருந்த அத்தனை பையையும் கட்டிப் போட்டுவிட்டு, வரிசையாக நின்ற சீட்டுகளைப் பார்த்தபோது, ரிட்டயர் ஆன நாளுக்கப்புறம் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மோளம் ஆரம்பித்தது. உடனே பைக்குள் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. எடுக்க முடியாது, அணைக்கவும் முடியாது. அதுகூடப் பரவாயில்லை. காத்திவாக்கம் பட்டம்மாளுக்கு இருபது வருடமாக ஆஸ்துமா, அந்தச் சாம்பல் காற்றில் யாருக்குத்தான் இல்லை, ஆனாலும் மோளம் அடித்தால் நிற்க மாட்டாள். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பம்ப் எங்கே என்றால் கம்பி போட்ட பையில். கட்டிங் பிளேயர் எங்கே என்றால் நான் கடைசியாகக் கையாலேயே முறுக்கிக் கட்டிய என் சொந்தப் பையில். நான் ஆடிப்போய்விட்டேன், சம்பந்தி. ஒரு பொம்பளையைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது தங்கள் மகன் ஓடிவந்து பட்டம்மாள் பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். தாங்கள் அவ்வளவு கெட்டியாகத் தைத்த பை. பம்ப் உருண்டு விழுந்தது, ஜூடி அதை எடுத்து அவள் வாயில் வைத்தாள். "தண்ணி குடு" என்றாள் ஜூடி. "இந்தா" என்று எழிலன் கொடுத்தார். அவ்வளவுதான். பட்டம்மாளுக்கு மூச்சு வந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் இத்தனை மாதத்தில் பேசி என் காதால் கேட்டது அந்த இரண்டு வார்த்தைதான். அதைத் தங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்படித் தவித்தது. அன்று இரவு போனைக் கையில் எடுத்துத் தங்கள் பெயரைத் தேடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தானா போன பொண்ணு என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு ஒரு பையும் மாறவில்லை. வீட்டுக்கு வந்து ஜூடி ஜிப்பைத் திறந்தாள், அவளுடைய ஷூவே இருந்தது. "அப்பாடா, நாளிக்கு உனக்கு வியாசர்பாடி அலைச்சல் இல்ல நைனா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் பழக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன். போட்டபிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்று உறைத்தது. முந்தின நாளே வாங்கி வைத்திருந்த கருவாடு இருந்தது, அதை நானே வறுத்துச் சாப்பிட்டேன். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே போக்குவரத்து அந்த ஷூதான், அதையும் நான் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என் மூளையை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நானும் வழக்கம் போலக் கம்பி கட்டினேன். இந்தத் தடவை கட்டிங் பிளேயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், போனையும் மருந்தையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். எல்லாம் முடிந்து ஜூடி பையை வெட்டிக் கொடுக்கக் கையில் எடுத்தேன். சீட்டில் ஜூடி என்றுதான் இருந்தது, என் கையெழுத்துதான். ஆனால் கம்பியைப் பார்த்தேன். நான் இரண்டு முறுக்கு முறுக்கி நுனியை அப்படியே விட்டுவிடுவேன், துறைமுகத்துக்காரன் பழக்கம். இதில் மூன்று முறுக்கு, நுனி உள்பக்கமாக மடித்திருந்தது. யாரோ கம்பியை அவிழ்த்து, சீட்டை வேறு பையில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். கையைக் கிழிக்காமல் இருக்க அப்படி மடிப்பவர்கள் வேகன் கதவுக்குக் கம்பி கட்டிப் பழகியவர்கள். ஹாலில் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஃபேனுக்கு அடியில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எத்தனை நாளாக இந்த வேலை நடக்கிறது என்று தங்களைக் கேட்க மாட்டேன். ரிப்பன் கட்டிய அன்று பையை இடம் மாற்றி வைத்ததும் தாங்கள்தான், புரை விழுந்த கண்ணோடு இரண்டு பையை மட்டும் கண்டுபிடித்ததும் தாங்கள்தான். வாயால் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாராவாரம் என் மகள் ஷூவைத் திருடிக்கொண்டு போய் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவன் போலக் கம்பியை வெட்டிப் பையை ஜூடியிடம் கொடுத்தேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் காசிமேடு போய், நெத்திலி இல்லை, வாளைக் கருவாடே வாங்கினேன். இஸ்திரி சட்டை போட்டுக்கொண்டு, ஜூடி குளித்துவிட்டு வரட்டும், பையை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவன், "ஜூடின்றது யாரு, பார்சல் கீது" என்றான். ஜூடி ஈரத்தலையோடு வந்து, அவன் கொடுத்த பையை வாங்கிக்கொண்டு, தங்கள் மகன் பையை அவனிடம் கொடுத்து அனுப்பினாள். போனில் புக் பண்ணியது தங்கள் மகன். ராயபுரத்திலிருந்து வியாசர்பாடிக்கு நான் ஒரு காலைப் பொழுதைச் செலவழித்துப் போய்வந்ததை அந்தப் பார்சல்காரன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டான். அவனுக்குப் புள்ள சாப்டுதா என்று கேட்கத் தெரியாது. அதிரசமும் வராது. தாங்கள் திருட, நான் சுமக்க என்று நடந்துகொண்டிருந்த வேலையிலிருந்து நம் இரண்டு பேரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். நான் கருவாட்டுப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றேன். ஜூடி பார்த்துவிட்டு, எதற்கு இவ்வளவு என்று கேட்டாள். விலை மலிவாக இருந்தது என்று சொன்னேன்.

ஆகவே தங்களுக்கு இதன் மூலம் நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இந்தப் பையை அச்சடித்துக் கொடுத்தவர் தாங்கள், எனவே ஹாலில் உள்ள அத்தனை பையையும் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு பை கொடுக்க வேண்டியது தங்கள் பொறுப்பு. சேர்ந்து வாழாத இரண்டு பேர் பெயரை ஊரெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதை என் மகள் இனிமேல் பார்க்கக் கூடாது. அல்லது, அது சிரமம் என்றால், தாங்களும் யசோதரா அம்மாளும் ஒரு நல்ல நாளில் நேரில் வந்து அவளை ஒரு வார்த்தை அழைத்துவிட வேண்டும். இரண்டில் எது தங்களுக்குச் சுலபம் என்று பார்த்துக்கொள்ளவும். அதுவரை நான் தங்கள் படி ஏறப் போவதில்லை, என் மகளும் ஏறப் போவதில்லை, இது முடிவு. யசோதரா அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், அதிரசம் கொஞ்சம் பாகு முற்றியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விட்டுக்கொள்ளவும், தலைக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். தங்கள் குடும்பத்துக்கு எல்லாம் வல்லவர் எல்லா நன்மையும் தர வேண்டும் என்று, கோபத்தோடுதான் என்றாலும், ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (இன்றைய தேதி வரை),
அருள்நாதன்.

பி.கு.: கவரை ஒட்டப் பசை கேட்டபோது, யாருக்கு என்று ஜூடி கேட்டாள். சொன்னேன். கையை நீட்டி வாங்கி, கட்டில்மேல் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "மாமாதான் பை மாத்தறாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துலயே தெரியும் நைனா. நீங்க ரெண்டு பேரும் அப்டியாவது ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு இருக்கட்டும்னு வுட்டோம்." அவர்கள் இருவரும் தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். ஹாலில் பேசினால் எந்த வீட்டார் முதலில் இறங்கி வந்தார்கள் என்று நாம் கணக்கெடுப்போம் என்று பேசவில்லையாம். திருவொற்றியூரில் வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டார்கள். ஷூவை அவசரமாக வரவழைத்தது பெட்டி கட்டுவதற்காக. வருகிற வியாழக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறார்கள். யார் யாரை வந்து அழைத்தீர்கள் என்று கேட்டேன். யாரும் யாரையும் அழைக்கவில்லை, இரண்டு பேருமாகப் போய் வீடு பார்த்தோம் என்றாள். தங்கள் வீட்டிலும் இன்று இரவு எழிலன் சொல்லிவிடுவாராம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது தங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பை எதையும் திரும்ப எடுக்க வேண்டாம். இன்னொரு விஷயம் மட்டும். பால் காய்ச்ச வரச் சொல்லி அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. எழிலன் தங்களைக் கூப்பிட்டாரா? கூப்பிடவில்லை என்றால், அழைக்காத வீட்டுக்கு நாம் போகலாமா கூடாதா என்று தங்கள் அபிப்பிராயத்தை உடனே தெரிவிக்கவும். போவதாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். தனியாகப் போய் அந்த வாசலில் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.